மூக்கடைப்புக் குளிசையும் ஐந்தாவது கேள்வியும்

அரைப் பக்கம் போதும் என்றாள் ஹரிணி. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துச் சான்ட்ரிங்ஹாமில் நான் இருபத்திரண்டு வருடம் நின்ற மருந்தகத்தில் இப்போது நிற்கிற பெண். கோயம்புத்தூர்க்காரி. "சார், அந்த அலர்ஜி மாத்திரை பத்தி நீங்க அரைப் பக்கம் எழுதிக் குடுங்க, பின்னாடி ரூம்ல பலகைல ஒட்டிக்கறோம். புதுசா வர்றவங்களுக்கு யூஸ் ஆகும்" என்றாள். அவள் ஏன் என்னைப் பிடித்துக் கேட்டாள் என்பதற்குக் காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை தருகிற காரணம் அல்ல என்பதால் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன்.

ஓய்வுபெற்றவனிடம் அரைப் பக்கம் கேட்பது ஆபத்தான காரியம். வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. மகளுக்குத் தும்மல் வந்தால் அவள் போனைத்தான் கேட்கிறாள்; அடுத்த அறையில் ஒரு மருந்தாளர் வெறுமனே இருக்கிறார் என்பது அவளுக்கு ஞாபகம் வருவதில்லை. ஆகவே வந்த வாய்ப்பை விடாமல் முழுவதுமாக எழுதிவிட்டேன். பலகை போதாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும் ஒட்டலாம்.

முதலில் குளிசையைப் பற்றி. ஹரிணிக்கு மாத்திரை, எங்களுக்குக் குளிசை. பெட்டி ஒன்று, உள்ளே மருந்து இரண்டு. ஒன்று தும்மலையும் கண்கடியையும் மூக்கால் ஓடுவதையும் நிறுத்தும். மற்றது மூக்கின் உள்ளே வீங்கிப்போன இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பை எடுக்கும். இந்த இரண்டாவதுதான் சங்கடமான பேர்வழி. அது வேலையில் கெட்டி. ஆனால் மூக்கு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மூக்குக்கு மட்டும் போய்விட்டு வா என்று சொல்லி அனுப்ப முடியாது. உடம்பு முழுவதும் ஓடி, கண்ட இடத்திலெல்லாம் இறுக்கும். இரத்த அழுத்தம் இருப்பவருக்கு அதை ஏற்றும். இதயத்தைத் துடிக்கவைக்கும். நித்திரையைக் கெடுக்கும். ஒரு வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்குச் சலம், அதாவது சிறுநீர், போகிற வாசலையும் இறுக்கும். அந்த வாசல்தான் இந்தக் கட்டுரை.

இடையில் சில காலம் இந்த இரண்டாவது ஆளைக் கடைத் தட்டிலிருந்து அரசாங்கம் எடுத்துவிட்டது. மூக்கடைப்பே இல்லாதவர்கள் போதைமருந்து காய்ச்சுவதற்கு மொத்தமாக வாங்கியதால் அப்படி. நான் வேலையை விடுவதற்கு முந்திய வசந்தத்தில் அது திரும்பி வந்தது. ஆக்லாந்தின் வசந்தத்தைத் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். சனிக்கிழமை காலையில் ஒரு தெருவே சேர்ந்து புல் வெட்டும். மத்தியானத்துக்குள் அதே தெரு சேர்ந்து தும்மும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் படித்தேன். இங்கே வந்ததும் அது போதாது என்றார்கள். திரும்பவும் படித்து, நேர்முகப் பரீட்சைக்குப் போன நாளும் ஒரு வசந்த நாள்தான். தும்மிக்கொண்டு போகக்கூடாதென்று பழைய வகை ஒவ்வாமைக் குளிசை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். "இந்த மருந்தைக் கொடுக்கும்போது நோயாளியிடம் எதைக் கட்டாயம் எச்சரிப்பீர்கள்?" என்று பரீட்சகர் கேட்டார். நித்திரை வரும், வாகனம் ஓட்டக்கூடாது, மது கூடாது என்பது பதில். நான் வாயைத் திறந்தேன். நீளமான கொட்டாவி வந்தது. அவர் சரி போட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

எனக்கு வேலை தந்தவர் ஹெதர். மருந்தகத்தின் சொந்தக்காரி. தெற்குத் தீவுக்காரி, மெலிந்த உயரமான பெண்மணி. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியும் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. இந்தக் கூட்டுக் குளிசையை யாராவது கேட்டால் பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைப்பார். வைத்ததும் அதன் மேல் தன் வலது உள்ளங்கையை வைப்பார். பிறகு ஐந்து கேள்விகள். யாருக்கு இந்தக் குளிசை? இரத்த அழுத்தமோ இதய வருத்தமோ உண்டா? கண்ணில் அழுத்தம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள், தடிமன், சளி மருந்து உட்பட? சலம் போவதில் சிரமம் உண்டா? ஐந்துக்கும் பதில் வந்த பிறகுதான் கை எழும்பும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிறவர் என்று பேதம் இல்லை. ஒருமுறை ஒரு பாதிரியார் பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். ஹெதரின் கை அசையவில்லை.

"ஏன் கையை வைக்கிறீர்கள்?" என்று சேர்ந்த வாரம் கேட்டேன்.

"பெட்டி கைக்குப் போனபின் யாரும் காது கொடுப்பதில்லை" என்றார்.

இந்த ஐந்தையும் நம்மவர்களிடம் கேட்பது தனிக் கலை. தகனினியிலிருந்து மளிகை வாங்க வருகிற சென்னை அம்மா ஒருவர் இருந்தார். "பிரஷர் இருக்கா?" என்று கேட்டேன். "எனக்கா? பிரஷரே கிடையாதுங்க" என்றார். நம்பிக் கையை எடுத்தேன். பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டே, "காலைல ஒண்ணு நைட் ஒண்ணுன்னு டேப்லெட் போடறேன்ல, அப்புறம் எப்படிங்க பிரஷர் வரும்?" என்றார். பைக்குள் போன பெட்டியைத் திரும்ப வாங்க எனக்குப் பத்து நிமிடமும் ஒரு மன்னிப்பும் பிடித்தன. அவரைப் பிழை சொல்ல முடியாது. குளிசை போட்டால் நோய் இல்லை, வருத்தம் இல்லை. வருத்தம் இல்லையென்றால் இல்லை என்றுதானே சொல்ல வேண்டும். அன்று முதல் நான் வருத்தத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, "இண்டைக்கு விடிய என்ன குளிசை போட்டனீங்கள்?" என்று கேட்கப் பழகினேன். மிகவும் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு சிவபாதம் அண்ணை வரும்வரை நிலைத்தது.

குளிசை திரும்பி வந்த அந்த வசந்தத்தில் சிவபாதம் அண்ணைக்கு அறுபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தவர், இங்கே பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எங்கள் கோயிலில் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் நடக்கும் சூரன் போரில் சூரனை ஆட்டுகிறவர் அவர்தான். இங்கே தூக்குவதற்கு நாலு தோள் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை என்பதால் சூரன் சில்லு வைத்த சட்டத்தில் நிற்பார். பின்னால் ஒருவர் நின்று, தள்ளி, உலுக்கி, ஆட்டி, சமயம் வரும்போது ஒரு தலையைக் கழற்றி மற்றதை மாட்ட வேண்டும். பதினான்கு வருடமாக அண்ணை அதைச் செய்தார். ஆறு நாளும் விரதம். இரவில் மட்டும் பாலும் பழமும்.

அதற்கு முந்திய வருடம் ஒரு விபத்து நடந்திருந்தது. கோயில் பின்புறத்துப் புல்வெளியை அன்று காலையில்தான் வெட்டியிருந்தார்கள். முருகன் வேலோடு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னும் புறப்படவே இல்லை. சூரனுக்குப் பின்னால் ஒரு பெரிய தும்மல் கேட்டது. சூரனின் தலை கழன்று புல்லில் உருண்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்தி மேலே பார்த்தார். சிறுவர்கள் கை தட்டினார்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் பரமலிங்கம் எழுந்து, அண்ணைக்கு வயதாகிவிட்டது, பாரத்தை வேறொருவர் ஏற்பது நல்லது என்றார். வேறொருவர் என்றால் பரமலிங்கம். வயது அறுபத்தாறு.

ஆகவே இந்த முறை அண்ணைக்குக் கடைசிச் சந்தர்ப்பம். இன்னொரு தும்மல், சூரன் கை மாறிவிடும்.

சஷ்டியின் ஐந்தாம் நாள் பின்னேரம் வந்தார். மூக்கு சிவந்து, கண் கலங்கி, கையில் ஒரு பை கத்தரிக்காய்.

"தம்பி, உந்த திரும்பி வந்த குளிசை இருக்கெல்லே, அதில ஒரு பெட்டி தாரும். நாளைக்கு நான் தும்மக்கூடாது."

"கத்தரிக்காய் எங்க வாங்கினது அண்ணை?" என்றேன், தட்டிலிருந்து பெட்டியை எடுத்தபடி.

"ஏவன்டேலில. அங்க மாதிரி ஒரு இடமும் வராது" என்றார் அவசரமாக. ஏவன்டேல் சந்தை ஞாயிறு மட்டும்தான், அன்று ஞாயிறு இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை.

பெட்டியை வைத்து அதன் மேல் கையை வைத்தேன். கதவு திறந்தது. உள்ளே வந்து வரிசையில் அண்ணைக்குப் பின்னால் நின்றவர் பரமலிங்கம்.

"என்ன சிவபாதம் அண்ணை, சுகமில்லையோ?"

"எனக்கென்ன! இது மனிசிக்கு" என்றார் அண்ணை.

முதலாவது கேள்விக்கே பொய். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அவருடைய மூக்கைப் பார்த்த பரமலிங்கத்துக்கும் தெரியும். நான் குரலைத் தாழ்த்தினேன். "பிரஷர்?" தலை இல்லை என்று ஆடியது. "கண்?" ஆடியது. "இண்டைக்கு விடிய என்ன குளிசை போட்டது?"

"இப்ப ஒண்டும் இல்லைத் தம்பி, சத்தியமா." அந்தக் குரலில் உண்மை இருந்தது.

மிஞ்சியது ஐந்தாவது. பின்னால் பரமலிங்கம் இருமல் மருந்து வாசிப்பதுபோல ஒரு போத்தலைக் கையில் பிடித்திருந்தார். போத்தல் தலைகீழாக இருந்தது. அறுபத்தெட்டு வயது மனிதரிடம், அவருடைய சூரனுக்குக் காத்து நிற்கிறவரின் காதுபட, சலம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பதா? அதுவும் மனைவிக்கென்று வாங்குகிற குளிசைக்கு?

நான் கையை எடுத்தேன்.

அவர்கள் இருவரும் போனபின், அந்த நாட்களில் நெரிசலுக்கு உதவ மட்டும் வந்துபோகும் ஹெதர், மருந்துகளை அடுக்கியபடி சொன்னார்: "நான்கு எண்ணினேன்."

"பின்னால் ஆள் நின்றது. சங்கடமாகப் போயிருக்கும்."

"யாருக்கு?" என்றார். அடுக்குவதை நிறுத்தவில்லை.

அந்த ஒரு சொல் என்னைப் போனிடம் தள்ளியது. எடுத்தது அண்ணையின் மனைவி புஷ்பம் அக்கா. "அவர் குளிசையைப் போட்டுட்டுத் தேவாரம் படிக்கிறார் தம்பி. ஒரு தும்மல் இல்லை. நல்ல குளிசை." அண்ணையைக் கூப்பிடச் சொன்னேன், பூசையில் இருக்கிறார், எழும்பமாட்டார் என்றார். சரி, அக்காவிடமே கேட்போம் என்று வாயெடுத்தேன். சலம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அக்கா எனக்கு இடியப்பம் அனுப்புகிறவர்.

"நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்கோ அக்கா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சலம் போகமாட்டாமல் போகக்கூடிய ஒரு மனிதருக்கு நான் கொடுத்த ஆலோசனை அது. இருபத்திரண்டு வருடத்தில் என் ஆலோசனைகளில் எழுத்துப் பிசகாமல் பின்பற்றப்பட்டதும் அது ஒன்றுதான்.

மறுநாள் பின்னேரம் வேலையிலிருந்து முன்னதாகவே புறப்பட்டுக் கோயிலுக்குப் போனேன். புல் வெட்டியிருந்தார்கள். சூரன் புல்வெளியின் ஒரு கரையில் தயாராக நின்றார், மேளம் தொடங்கிவிட்டது. அண்ணை சட்டத்தின் பின்னால். ஒரு தும்மல் இல்லை.

ஆனால் சூரன் ஆடினார் பாருங்கள், அப்படி ஓர் ஆட்டத்தை நான் கண்டதில்லை. இடமும் வலமும் வெட்டி வெட்டி ஆடினார். நின்ற இடத்தில் துள்ளினார். திடீரென்று நடுங்கி அடங்கினார், மறுபடி துள்ளினார். சனம் வாயைப் பிளந்தது. "அரோகரா" என்ற சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். என் அருகில் நின்ற பரமலிங்கமே, "சும்மா சொல்லக்கூடாது, மனிசனில சூரன் இறங்கிட்டான்" என்றார்.

நான் பக்கவாட்டுக்குப் போய் அண்ணையின் கால்களைப் பார்த்தேன். இரண்டு முழங்கால்களும் ஒட்டியிருந்தன. அது சூரன் இல்லை. அந்த நிலையில் மனிதர் நிற்பதைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறேன்.

சட்டத்துக்குப் பின்னால் ஓடினேன். அவர் முகம் வேர்த்து வழிந்தது. வயிற்றின் கீழ்ப்பாகம் வேட்டிக்கு மேலே உருண்டு தெரிந்தது.

"அண்ணை, கடைசியாச் சலம் போனது எப்ப?"

"விடியத் தம்பி. அதுவும் சொட்டுச் சொட்டா."

"தண்ணி குடிச்சனீங்களோ?"

"நீர் சொன்னீராமே, நிறையக் குடிக்கச் சொல்லி. ரெண்டு பெரிய போத்தல்."

சட்டத்திலிருந்து அவர் கையை எடுக்கப் பார்த்தேன். "விடுங்கோ அண்ணை, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம். இது விளையாட்டில்லை. சலப்பை பழுதாப் போகும்."

"வேல் வரட்டும்."

"அண்ணை!"

"இன்னும் ஒரு தலைதான் தம்பி. விட்டால் பரமலிங்கம் சூரனைப் பிடிச்சிடுவான்." பல்லைக் கடித்துக்கொண்டு சட்டத்தை உலுக்கினார். சனம் அரோகரா போட்டது.

நான் செய்ததைப் பெருமையாகச் சொல்லமாட்டேன். புல்வெளியைக் குறுக்கே கடந்து ஐயரிடம் போய், "ஐயா, முருகனைக் கொஞ்சம் கெதியா அனுப்புங்கோ" என்றேன். ஐயர் என் முகத்தைப் பார்த்தார், காரணம் கேட்கவில்லை. அந்த வருடம் முருகன் ஓட்டமாக வந்தார். தலை விழவேண்டிய நேரத்தில் விழுந்தது.

என் காரை மூன்று கார்கள் மறித்து நின்றன. வாசலோரம் நின்றது பரமலிங்கத்தின் வான் ஒன்றுதான். இப்படித்தான் சூரனும், சூரனுக்கு ஆசைப்பட்டவரும், இருவருக்கும் நடுவில் கேள்வியை விழுங்கியவனும் ஒரே வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அண்ணை முருகனைக் கூப்பிட்டார்.

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. பரமலிங்கத்தின் காதுபட, முழுக் குரலில், ஒரு நாள் பிந்தி அந்த ஐந்தாவது கேள்வியைக் கேட்டேன். "அண்ணை, சலம் போறதுக்கு வழமையா ஏதும் குளிசை போடுறனீங்களோ?"

அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு: "ஓம். நாலு வருஷமா."

"நேற்று ஒண்டும் இல்லை எண்டு சத்தியம் பண்ணினீங்கள்!"

"உண்மைதானே தம்பி? அந்தப் பெட்டியில 'சாப்பாட்டுக்குப் பிறகு' எண்டு போட்டிருக்கு. விரதம் பிடிக்கிறவனுக்கு எங்க சாப்பாடு? முதல் நாளே நிப்பாட்டிட்டன். உம்மடை பெட்டியில சாப்பாடு பற்றி ஒண்டும் இல்லை. அது விரதத்துக்குச் சரி."

வாசலைத் திறந்து வைக்கிற மருந்தை ஐந்து நாளாக நிறுத்திவிட்டு, வாசலை இறுக்குகிற மருந்தைப் போட்டு, அதன் மேல் இரண்டு போத்தல் தண்ணீர். எல்லாம் பெட்டியில் எழுதியிருந்தபடி, மருந்தாளர் சொன்னபடி. இவ்வளவு கீழ்ப்படிவான நோயாளியை நான் கண்டதில்லை.

"எங்க எடுக்கிறனீங்கள் அந்தக் குளிசையை? எங்கட கடையில இல்லையே."

"உம்மட்ட எடுத்தால் சனத்துக்குத் தெரிஞ்சிடும். ஏவன்டேலில ஒரு சீனப் பிள்ளையின்ர பார்மசி இருக்கு."

கத்தரிக்காய். ஏவன்டேலுக்குப் போவதற்கு அது ஒரு சாட்டு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எல்லாக் கடைகளின் மருந்துப் பதிவும் தெரிகிற கணினியில் பார்த்திருந்தாலே எல்லாம் தெரிந்திருக்கும். அதையும் நான் பார்க்கவில்லை.

வானை ஓட்டிய பரமலிங்கம் சிவப்பு விளக்கில் நிறுத்தினார். முன்னாலேயே பார்த்தபடி, "ஸ்டேசனுக்குக் கிட்ட இருக்கிற பார்மசியோ?" என்றார்.

"ஓம். ஏன்?"

"கண்ணாடி போட்ட பிள்ளை."

"ஓம்."

"நான் செவ்வாயில போறனான்" என்றார் பரமலிங்கம். "விரதத்துக்கு நிப்பாட்டிறேல்லை. பாலோட போடலாமோ எண்டு அந்தப் பிள்ளையிட்டக் கேட்டனான். ராவில பால் பழத்துக்குப் பிறகு போடலாம் எண்டு சொன்னது. கேட்டிருக்கலாமே அண்ணை."

விளக்கு பச்சையானது. அண்ணை வலியிலும் சிரித்தார். சிரித்தது வலியைக் கூட்டியதால் உடனே முருகனைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் குழாய் வைத்தார்கள். தாதி வெளியே வந்து எவ்வளவு வந்தது என்று அளவைச் சொன்னபோது பரமலிங்கம் தன்னையறியாமல் எழுந்து நின்றார். இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகத்துக்குப் போயிருக்கும் என்றார் டாக்டர். மூக்குக் குளிசையை நிறுத்தினார்கள். பழைய குளிசையைத் திரும்பத் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் அண்ணை வீட்டுக்கு வந்தார்.

நான் ஹெதரிடம் போய் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன், தண்ணீர் உட்பட. நடந்ததை எழுதிப் பதிவுசெய்ய வேண்டும் என்று படிவத்தை எடுத்துத் தந்தார். பக்கத்தில் இருந்து நான் எழுதி முடிக்கும்வரை பார்த்தார். அடுத்த வாரம் கடையின் மூலையில் ஒரு சின்ன மேசையும் மறைப்பும் வந்தன. நாலாவது கேள்விக்குக் கீழே பென்சிலால் ஒரு வரி சேர்ந்தது: "அண்மையில் நிறுத்திய மருந்து ஏதும் உண்டா? விரதமா?" என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன்பின் அந்தப் பெட்டியில் ஒரு கையை வைக்கும்போதெல்லாம் மற்றக் கையின் விரல்களில் கேள்விகளை எண்ணினேன். அது வயதென்று எல்லோரிடமும் சொன்னேன்.

சூரனை இப்போது இருவரும் சேர்ந்து ஆட்டுகிறார்கள். அண்ணை உலுக்க, பரமலிங்கம் தலை மாற்றுகிறார். அந்த வருடத்து ஆட்டம் வரவில்லை என்று சனம் குறைப்படுகிறது.

இனி, தள்ளிவைத்த காரணம். போன மாதம் எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டினார். மூக்கு முற்றாக அடைத்துவிட்டது. பழைய கடைக்குப் போனேன். வரிசை இருந்தது, மூலை மேசையில் வேறு யாரோ இருந்தார்கள். எனக்கென்ன மறைப்பு என்று நேரே முன்மேசைக்குப் போய்ப் பெட்டியைக் கேட்டேன். ஹரிணி கொண்டுவந்து வைத்தாள். அதன் மேல் கையை வைத்தாள்.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றேன்.

"தெரியும் சார். யாருக்கு?"

ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் தொழில்காரன் என்ற மிடுக்கோடு சுருக்கமாகப் பதில் சொன்னேன். எனக்கு. இல்லை. இல்லை. நாலாவதுக்கும் கொஞ்சம் வேகமாகவே இல்லை என்றேன்.

"யூரின் போறதுல ஏதாச்சும் கஷ்டம் இருக்குங்களா சார்?"

வரிசையில் நின்ற எல்லோருடைய காதும் என் பக்கம் திரும்பியதாக எனக்குத் தோன்றியது. ஐந்தாவது கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையில் ஒரு முன்னாள் மருந்தாளர் எவ்வளவு யோசிக்க முடியும் என்பதை அன்று அறிந்தேன். 'எனக்கென்ன' என்று ஒரு சிரிப்போடு தொடங்கினேன். பின்னாலிருந்து எனக்கு நன்கு தெரிந்த குரல் ஒன்று கேட்டது.

"பிள்ளை, உவரிட்ட ஏவன்டேலில கத்தரிக்காய் என்ன விலை எண்டு கேள்."

திரும்பிப் பார்த்தேன். சிவபாதம் அண்ணை, கையில் பையோடு.

ஹரிணிக்குக் கத்தரிக்காய் விளங்கவில்லை. ஆனால் கை எழும்பவில்லை.

"ஓம்" என்றேன். "ஆறு மாசமா. ஏவன்டேலில எடுத்துக் குளிசை போடுறன்."

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துத் தட்டில் திரும்ப வைத்தாள். மூக்குக்குள் அடிக்கிற மருந்து ஒன்றையும், அடைப்பு மருந்து சேராத வெறும் ஒவ்வாமைக் குளிசை ஒன்றையும் தந்தாள். அதன்பிறகுதான் அரைப் பக்கம் கேட்டாள்.

பலகையில் இடம் போதாவிட்டால் இதை மட்டும் ஒட்டவும்: ஐந்தையும் கேளுங்கள். முன்னால் நிற்பவர் எல்லாம் தெரிந்தவராக இருந்தால், ஐந்தாவதை இரண்டு முறை.